பட்டாசுத் தொழிலக அறை

பட்டாசுத் தொழிலக அறை என்பது விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலுள்ள பட்டாசு ஆலைகளில் மருந்து கலத்தல், நிரப்புதல், திரி பொருத்துதல் முதலிய பணிகளுக்காகத் தனித்தனியே கட்டப்படும் சிறு கட்டடம் ஆகும்.

இடையில் தூண்களற்ற வளைவு இரும்புக் கொட்டகை ஒன்றை நிறுத்தி, எல்லாப் பணிகளையும் அதன்கீழ் நடத்துவது பிற தொழில்களில் சிக்கனமான வழியாகும். பட்டாசுத் தொழிலுக்கு அது ஒவ்வாது. ஒரு மூலையில் பற்றும் தீ நொடிப்பொழுதில் கொட்டகை முழுவதையும் பற்றிக்கொள்ளும். எனவே, வெடிபொருள் சட்டம் (1884), வெடிபொருள் விதிகள் (2008) ஆகியவற்றின்கீழ் உரிமம் பெறும் ஆலைகளில் அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டே அமைக்கப்படுகின்றன. ஓர் அறையில் நால்வருக்கு மேல் பணிபுரியலாகாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தப்பியோடுபவர் கதவை உள்ளிழுக்க நேரமிராது. உராய்வில் பொறி எழக்கூடும் என்பதால் மருந்து கையாளும் இடத்தில் இரும்புக் கருவிகள் விலக்கப்படுகின்றன.

இடைவெளிக்கு நிலம் மிகுதியாகத் தேவைப்படுவதால் செலவு கூடுகிறது. செலவைக் குறைக்க முனைவோர் கைவைப்பதும் இங்கேதான். மரத்தடியில் பணி நடத்துதல், அறையில் கூடுதல் ஆட்களை அமர்த்துதல் ஆகியன அடிக்கடி கண்டறியப்படும் விதிமீறல்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்க ஊரினரும் இருந்தனர்.