செவிவழியே ஒரு செவ்வாய்ப் பயணம்

கண்ணுக்கு ஓய்வும் காதுக்கு வேலையும் தரும் வாசிப்பு முறை ஒலிநூல். ரயிலில் நின்றபடி பயணம் செய்வோர், மாலை நடைக்குச் செல்லும் மூத்தோர், சமையலறையில் கை ஓயாதிருப்போர் என எவரும் இதன்வழி ஒரு நாவலைக் கேட்டு முடித்துவிடலாம். எதில் தொடங்குவது என்று கேட்போருக்கு, ஆண்டி வீயர் எழுதிய 'தி மார்ஷியன்' என்னும் ஆங்கில அறிவியல் புதினத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

கணினி நிரலாளராகப் பணியாற்றிய வீயர், இக்கதையை 2009 முதல் தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 2011இல் 99 சென்ட் விலையில் மின்னூலாக்கினார். 2013இல் ஒலிநூலும், 2014இல் பெரிய பதிப்பகத்தின் அச்சுப் பதிப்பும், 2015இல் ரிட்லி ஸ்காட்டின் திரைப்படமும் வந்தன. அச்சுப் பதிப்புக்கு முன்பே காதுகளை எட்டிய கதை இது.

செவ்வாயில் இறங்கிய அறுவர் குழு, ஆறாம் நாள் வீசிய புயலால் அவசரமாகத் திரும்புகிறது. இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட மார்க் வாட்னி மட்டும் அங்கே உயிருடன் தனித்துவிடப்படுகிறார். பூமியோடு பேசக் கருவி இல்லை. அடுத்த குழு வருவதற்கோ ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும்.

அவர் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று, இருப்பைக் கணக்கெடுப்பது. ஆறு பேருக்கு 50 நாள் உணவு என்றால் ஒருவருக்கு 300 நாள். முக்கால் பங்கு மட்டும் உண்டால் 400 நாள். பற்றாக்குறை எவ்வளவு என்று தெரிந்தபின்பே உருளைக்கிழங்கு பயிரிடும் திட்டம் பிறக்கிறது. பயிருக்கு நீர் வேண்டும். எஞ்சியுள்ள எரிபொருளிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, ஆக்சிஜனோடு எரித்து நீர் உண்டாக்குகிறார். ஒவ்வொரு தீர்வும் புதிய ஆபத்தைக் கொண்டுவருகிறது. ஒவ்வோர் ஆபத்துக்கும் புதிய கணக்கு ஒன்று தேவைப்படுகிறது.

கதையின் பெரும்பகுதி வாட்னியின் நாட்குறிப்பாகவே அமைந்திருப்பதால், கேட்பதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஆர்.சி. பிரே வாசித்த முதல் பதிப்பு ஏறக்குறைய பதினொரு மணி நேரம் ஓடும். பின்னர் வில் வீட்டன் குரலிலும் ஒரு பதிப்பு வந்தது. அச்சில் படிக்கும்போது எண்கள் நிறைந்த பத்திகளைக் கண் தாண்டிவிடும். குரலோ, ஒரு மனிதன் யோசிக்கும் வேகத்திலேயே நம்மையும் யோசிக்க வைக்கிறது. தனிமையில் அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் நகைச்சுவை, காதில் கேட்கும்போதுதான் முழுமையாகப் புரிகிறது.

அறிவியல் நோக்கில் ஒரு குறை உண்டு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு; அங்கு வீசும் புயலுக்கு அத்தனை வலிமை இராது. கதைக்காகவே அதைச் சேர்த்ததாக ஆசிரியரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வேலையிழப்போ நோயோ ஒரு குடும்பத்தைத் தாக்கும்போது, எண்ணாமல் விட்ட பற்றாக்குறையே பெரும் அச்சமாக வளர்கிறது. கையிருப்பு எத்தனை மாதங்களுக்கு வரும், எதைக் குறைக்கலாம், எதை விளைவிக்கலாம் என்று எழுதிப் பார்த்த அளவில் துயரம் நீங்கிவிடாது. ஆனால் அடுத்த நாள் செய்யவேண்டிய வேலை எது என்பது தெரிந்துவிடும். வாட்னியின் குரல் பதினொரு மணி நேரமும் இதைத்தான் சொல்கிறது.

ஒலிநூல் செயலிகள் பல, முதல் மாதத்தை இலவசமாகத் தந்து, பிறகு மாதச் சந்தாவைத் தாமாகவே கழித்துக்கொள்கின்றன. அட்டை வழியான தொடர் கழிவுகளுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அக்குறுஞ்செய்தியைப் படித்துப் பாருங்கள். வேண்டாத சந்தாவை உடனே நிறுத்திவிடுங்கள். வேண்டியதை வைத்துக்கொண்டு, காதணியை மாட்டிச் செவ்வாய்க்குப் புறப்படுங்கள்.