முக்காட்டுக்குள் ஓர் ஏடு

படித்த பெண் விதவையாகிவிடுவாள் என்று வங்காளத்து மேல்சாதி வீடுகள் திடமாக நம்பிய காலம் அது. பாப்னா மாவட்டத்தில் பிறந்த ராஸசுந்தரி தேவி, 12 வயதில் ராம்தியா கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். மாமியாருக்குக் கண்பார்வை போனதும் வீட்டுப் பொறுப்பு முழுவதும் அந்தச் சிறுமியின் தலையில் விழுந்தது. இரண்டு வேளையும் ஏறத்தாழ 25 பேருக்குச் சமையல். அடுத்தடுத்து 12 பிள்ளைகள்.

சைதன்யரின் வாழ்க்கையைச் சொல்லும் சைதன்ய பாகவதத்தைத் தானே படிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய தீராத ஆசை. ஒருநாள் கணவர் அந்தச் சுவடியைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார். சுவடியின் மேலிருந்த, சித்திரம் தீட்டிய மரப்பலகையைக் கொண்டு இதுதான் அது என்று தெரிந்துகொண்ட ராஸசுந்தரி, ஓர் ஏட்டை உருவி ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். பிறந்த வீட்டில் நடந்த பள்ளியில் பையன்கள் உரக்கச் சொல்லக் கேட்டு மனத்தில் தங்கிய எழுத்துகள் கொஞ்சம் இருந்தன. ஓலையின் எழுத்தும் ஏட்டின் எழுத்தும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். அடுப்பு எரியும்; இடக்கையில், முக்காட்டின் மறைவில், அந்த ஏடு இருக்கும்.

ஆனால் அவர் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் என்னை உலுக்கிய இடம் பசியைப் பற்றியது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உட்காரும் நேரத்தில் விருந்தாளி வருகிறார். ராஸசுந்தரி தன் சோற்றை அவருக்குக் கொடுத்துவிடுகிறார். இரவில் குழந்தை அழுகிறது. மறுநாளும் ஏதோ ஒரு தடை. இரண்டு நாள் பட்டினி. சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீடு. சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆளில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தில்தான் சொன்னார்.

தாய் சாகக் கிடந்தபோதும் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆண்பிள்ளையாகப் பிறந்திருந்தால் ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமை முதுமையிலும் ஆறவில்லை. எல்லாம் இறைவன் செயல் என்று அடிக்கடி எழுதுவதால் அவரை அடங்கிப்போனவர் என்று எண்ணக் கூடாது. பெண்ணைப் படிக்கவிடாத வழக்கத்தை நேராகவே கண்டிக்கிறார்.

படிக்க வந்தும் எழுத வரவில்லை. தாளையும் பேனாவையும் மையையும் முக்காட்டுக்குள் ஒளிக்க முடியுமா? வெளியூரில் படித்த மகன் கிஷோரிலால், என் கடிதங்களுக்கு ஏன் பதில் போடுவதில்லை என்று கேட்டு, தாளும் பேனாவும் மையும் வாங்கிவந்து கொடுத்தார். எழுதத் தொடங்கினார் தாய்.

'என் வாழ்க்கை' என்று பொருள்படும் 'ஆமார் ஜீபன்' 1876இல் அச்சில் வந்தது. வங்க மொழியின் முதல் முழுமையான தன்வரலாறாக இன்று போற்றப்படுவது அந்த நூல்தான்.