காணாமல் போன டூல்பாக்ஸ்! கிம்ப் விண்டோக்களைக் கட்டி மேய்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்ய நினைக்கும் வேலைகளில் ஒன்று, பீரோவில் கிடக்கும் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து சரிப்படுத்துவது. தக்கலையில் இருக்கும் என் மாமாவும் அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். அவருடைய அம்மாவின், அதாவது என் ஆச்சியின், போட்டோ வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் மழையில் நனைந்து, முகத்தில் ஒரு பக்கம் திட்டுத் திட்டாகக் கறை. முதலாண்டு நினைவு நாளுக்கு முன் அதைச் சரி செய்து, பெரிதாக்கி மாட்டிவிட வேண்டும் என்று கிம்ப் புரோகிராமைத் திறந்து உட்கார்ந்தார்.

இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வந்தது. "லேய் மக்கா, சைடுல நின்ன பொட்டி எல்லாத்தையும் காணல்லியே! படம் மட்டும்தான் நிக்கி. மூடிட்டுத் திறந்தாலும் அப்படியேதான் இருக்கு!"

"மூடும்போது ஏதாவது கேட்டதா மாமா?" என்றேன். கேட்டிருக்கிறது. அவசரத்தில் 'டிஸ்கார்ட் சேஞ்சஸ்' என்பதில் கிளிக் செய்துவிட்டார். மூன்று மணி நேர வேலை போய்விட்டது. நல்லவேளை, ஸ்கேன் செய்த படம் பத்திரமாக இருந்தது.

என்னதான் நடந்தது?

மாமா பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்தார். பாட்டு விண்டோவுக்குப் போக ஆல்ட் கீயுடன் டேப் கீயை அழுத்துவது அவர் வழக்கம். அன்று ஆல்ட் சரியாக அழுந்தவில்லை. டேப் மட்டும் அழுந்தியது. கிம்ப்பில் டேப் கீயைத் தனியாக அழுத்தினால் எல்லாக் கட்டங்களும் மறைந்து, படம் மட்டும் தெரியும். படத்தைப் பெரிதாகப் பார்ப்பதற்கான வசதி இது. மறுபடி டேப் அழுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அழுத்தாமல் மூடினால், மறைந்த நிலையையே கிம்ப் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அப்படியே திறக்கும். மெனு வழியாகவும் சரி செய்யலாம். விண்டோஸ் மெனுவில் 'ஹைட் டாக்ஸ்' என்பதன் எதிரே இருக்கும் டிக் அடையாளத்தை எடுத்துவிடவும்.

டாக் என்றால் என்ன?

டாக் என்பது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை. சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேண்டும்போது ஒன்றை அவிழ்த்து வெளியே கொண்டு போகலாம். திரும்ப வந்து வேறோர் இடத்திலும் கட்டலாம். கிம்ப்பின் ஓரங்களில் இருக்கும் கட்டங்களும் இப்படித்தான். டூல் ஆப்ஷன்ஸ், லேயர்ஸ், பிரஷ்சஸ் என ஒவ்வொன்றும் ஒரு படகு. அவை நிற்கும் ஓரம்தான் டாக்.

ஒரே டாக்கில் பல கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சிறு டேப்புகளாகக் காட்டும் முறைக்குச் சுவையான வரலாறு உண்டு. போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் இம்முறைக்குக் காப்புரிமை வைத்திருந்தது. மேக்ரோமீடியா நிறுவனம் அதை மீறியதாக 2000ஆம் ஆண்டு வழக்குப் போட்டது. 2002இல் அடோபிக்கு 28 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. சில நாட்களில் வேறு காப்புரிமைகள் குறித்த எதிர்வழக்கில் மேக்ரோமீடியாவுக்கு 49 லட்சம் டாலர் தரும்படி தீர்ப்பு வந்தது! பின்னர் இரண்டும் சமாதானமாகி, 2005இல் மேக்ரோமீடியாவை அடோபியே வாங்கிவிட்டது.

ஒரு விண்டோவா, பல விண்டோவா?

கிம்ப், 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் தொடங்கிய இலவசப் புரோகிராம். பல ஆண்டுகள் அதில் டூல்பாக்ஸ் ஒரு விண்டோ, படம் ஒரு விண்டோ, லேயர்ஸ் ஒரு விண்டோ என்று எல்லாம் தனித்தனியே மிதந்தன. ஒன்றைத் தேடும்போது இன்னொன்று அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். 2012இல் வந்த 2.8 பதிப்பில்தான் எல்லாவற்றையும் ஒரே விண்டோவில் அடக்கும் 'சிங்கிள் விண்டோ மோட்' தரப்பட்டது. 2018இல் வந்த 2.10 பதிப்பு முதல் திறந்தவுடன் கிடைப்பது இதுதான். 2025இல் வெளியான 3.0 பதிப்பிலும் அப்படியே.

உங்கள் கட்டங்கள் தனித்தனியே மிதந்தால், விண்டோஸ் மெனுவில் 'சிங்கிள் விண்டோ மோட்' என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பல விண்டோ முறை பயன்படும். மற்றவர்களுக்கு ஒரே விண்டோதான் நல்லது.

கட்டங்களை இடம் மாற்ற

1. கட்டத்தின் மேலுள்ள டேப்பை மவுஸால் பிடித்து இழுத்து, வேறு டாக்கின் டேப்புகள் மேல் விட்டால் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

2. டேப்புகள் மேல் விடாமல் டாக்கின் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ விட்டால், மேலும் கீழுமாகத் தனித்தனியே நிற்கும்.

3. ஒரு கட்டத்தை மூடிவிட்டீர்களா? விண்டோஸ் மெனுவில் 'டாக்கபிள் டயலாக்ஸ்' பட்டியலில் அது இருக்கும். டாக் முழுவதையும் மூடியிருந்தால் 'ரீசன்ட்லி குளோஸ்டு டாக்ஸ்' என்பதில் கிடைக்கும்.

4. கை தவறி இழுபடாமல் இருக்க, டேப்புகளின் வலக்கோடியில் உள்ள சிறு முக்கோணத்தில் கிளிக் செய்து 'லாக் டேப் டு டாக்' கொடுக்கவும். இது நங்கூரம் போட்டது போல.

பழைய போட்டோ சரிப்படுத்த நான்கு கட்டங்கள் போதும். இடப்பக்கம் டூல்பாக்ஸ், அதன் கீழே டூல் ஆப்ஷன்ஸ். வலப்பக்கம் லேயர்ஸ், அதன் கீழே அண்டூ ஹிஸ்டரி. செய்த தவறுக்கு முந்தைய நிலைக்குத் திரும்ப அண்டூ ஹிஸ்டரி மிக உதவும். மற்றவற்றை மூடிவிட்டால் படத்துக்கு நிறைய இடம் கிடைக்கும்.

குழம்பிவிட்டால்...

எடிட் மெனுவில் 'ப்ரெஃபரன்சஸ்' திறந்து, 'விண்டோ மேனேஜ்மென்ட்' பிரிவுக்குச் செல்லவும். அங்கே 'ரீசெட் சேவ்டு விண்டோ பொசிஷன்ஸ்' என்று தொடங்கும் பட்டனை அழுத்தி, கிம்ப்பை மூடித் திறந்தால் புதிதாக நிறுவியபோது இருந்தபடி ஆகிவிடும். உங்களுக்குப் பிடித்தபடி அடுக்கிய பின், அதே பிரிவில் 'சேவ் விண்டோ பொசிஷன்ஸ் நவ்' பட்டனை அழுத்தவும். பிறகு 'சேவ் விண்டோ பொசிஷன்ஸ் ஆன் எக்ஸிட்' என்பதில் டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். அதன்பின் வீட்டில் குழந்தைகள் எப்படிக் கலைத்தாலும், அடுத்த முறை உங்கள் அடுக்கே வரும்.

போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் டேப் கீ இதே வேலையைத்தான் செய்யும். அங்கே விண்டோ மெனுவில் 'ஒர்க்ஸ்பேஸ்' சென்று 'ரீசெட் எசென்ஷியல்ஸ்' கொடுத்தால், அந்த அடுக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கட்டம் காணாமல் போனால் புரோகிராமை மூடாதீர்கள். முதலில் கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்திச் சேமியுங்கள். கிம்ப் அதனை எக்ஸ்சிஎஃப் ஃபைலாகச் சேமிக்கும். லேயர்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். வேலை முடிந்தபின் பிரிண்ட் போட ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' மூலம் ஜேபெக் ஃபைலாக மாற்றிக்கொள்ளலாம்.

மாமா மறுநாள் மாலை மறுபடி உட்கார்ந்தார். இம்முறை பாட்டு இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்தார். நினைவு நாளன்று விளக்குக்குப் பின்னால் ஆச்சி கறையில்லாத முகத்துடன் இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் மாமா போட்டோவைக் காட்டிவிட்டு, "அந்த டேப் கீயை மட்டும் தொட்டுராதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.