நீறு பூத்த நெருப்பு

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்துள்ள விம்கோ நகர், அங்கு நடந்த தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்றது. எரிகின்ற குச்சியை எவரும் காண்பர். சாம்பலுக்குள் கிடக்கும் கனலைக் காண்பதே அரிது. காசநோய்க் கிருமி, அது புகுந்தவருள் பெரும்பாலோர் உடலில் இவ்வாறே, நீறு பூத்த நெருப்பாக, அடங்கிக் கிடக்கிறது.

அந்நகரில் ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். தந்தையின் சளியில் கிருமி காணப்பட்டு மருந்தும் தொடங்கியாயிற்று. அவருடன் ஒரே வீட்டில் வாழும் பத்தொன்பது வயது மகள் நலமாகவே இருக்கிறாள். ஆயினும் கிருமி அவளுள் புகுந்திருக்கிறதா? புகுந்திருப்பின், நோய் மூளுமுன்னரே அதைத் தடுக்க மருந்து உண்டு. அறிவது எப்படி?

ராபர்ட் கோக் 1890-இல் அறிவித்த டியூபர்குலினைக் கொண்டு தோலில் ஊசி குத்திப் பார்ப்பது பழைய முறை. தடித்தால் கிருமி புகுந்திருக்கிறது என்பர். ஆனால் டியூபர்குலின் பல புரதங்களின் கலவை. பி.சி.ஜி. குத்திக்கொண்டவருக்கும் தடிக்கலாம், மண்ணிலும் நீரிலும் வாழும் இனக்கிருமிகளாலும் தடிக்கலாம். 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரிய பி.சி.ஜி. ஆராய்ச்சி தொடங்கிய பகுதியில், இவ்வினக்கிருமிகளின் தொடர்பு மக்களிடையே மிகுதியாக இருந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அவ்வாராய்ச்சியின் முடிவு. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காச வகைகளினின்று அது காக்கிறது என்பதை இங்கே மறத்தலாகாது.

கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசக் கிருமியை இருநூற்று முப்பது தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதன் கொடுமையைக் குறைத்தனர். அதுவே பி.சி.ஜி. அந்நெடிய வளர்ப்பில் கிருமி தன் மரபுப் பொருளில் ஒரு துண்டை இழந்துவிட்டது. என்ன இழந்தது என்பது 1996-இல்தான் துலங்கியது. ஈசாட்-6, சிஎப்பி-10 என்னும் இரு சிறு புரதங்களுக்குரிய மரபணுக்கள் அத்துண்டில்தான் இருந்தன.

ஈசாட்-6 அளவில் சிறிது. 95 அமினோ அமிலங்களே கொண்டது. நம் உடலின் காவல் அணு கிருமியை விழுங்கிப் பைக்குள் அடைத்து வைக்கும்போது, அப்பையைச் சிதைத்து வெளியேற இது துணைசெய்கிறது. கள்வன் கையிலுள்ள கன்னக்கோல் என்றே சொல்லலாம். அதே கோலைக் கொண்டு நம் உடல் கள்வனை அடையாளம் கண்டுகொள்வதுதான் வியப்பு! புரதத்தை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள், அதனை மீண்டும் கண்டதும் காமா இன்டர்பெரான் என்னும் பொருளைச் சுரக்கின்றன. இரத்தத்தில் அதனை அளக்கலாம். தோலிலும் ஊசி குத்தி அறியலாம். புனே நகரின் சீரம் நிறுவனம் வழங்கும் இத்தோல் சோதனை 2022-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. இரண்டு மூன்று நாளில் 5 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் கிருமி புகுந்ததாகக் கொள்வர். பி.சி.ஜி.யில் அப்புரதங்கள் இல்லையாதலால், தடுப்பூசி இங்கே குழப்பம் விளைவிப்பதில்லை.

அப்படியாயின் இழந்த துண்டைத் தடுப்பூசிக்குத் திருப்பித் தரலாகாதா? 2003-இல் வெளியான ஆராய்ச்சியில் அவ்வாறே செய்து பார்த்தனர். விலங்குகளுக்குக் காப்பு மிகுந்தது. ஆனால் தடுப்பூசிக் கிருமியின் கொடுமையும் உடன் மிகுந்தது. அன்றியும், அத்தகைய ஊசி போட்டவரைச் சோதித்தால் பழைய குழப்பமே திரும்பும்.

புதிய சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கனல் இருப்பதை அது காட்டும். பற்றிக்கொண்டதா என்பதைக் காட்டாது. எனவே அம்மகளின் கையில் தடிப்புக் கண்டால், மார்பை எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லையென்று தெளிந்த பின்னரே மருத்துவர் தடுப்பு மருந்தைத் தொடங்குவார்.