ஒரு ஜெர்சி விற்றால் பணம் யாருக்குச் சேர்கிறது?

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து உலகம் சற்றும் எதிர்பாராத ஓர் அணி மாற்றம் நிகழ்ந்தது. டல்லாஸ் மேவரிக்ஸ் அணி தன் முதன்மை ஆட்டக்காரரான லூக்கா டொன்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஆந்தனி டேவிஸ் முதலியோரைப் பெற்றுக்கொண்டது. டொன்சிச்சுக்கு அப்போது வயது 25. முந்தைய ஆண்டுதான் டல்லாஸை இறுதிச் சுற்று வரை அழைத்துச் சென்றவர். ரசிகர்கள் அரங்க வாயிலில் கூடித் தம் வேதனையை வெளிப்படுத்தினர். அந்தப் பருவம் முடிந்தபோது, அதிகம் விற்பனையான ஜெர்சிகளின் பட்டியலில் லேக்கர்ஸின் 77ஆம் எண் சட்டை முதலிடத்தில் நின்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகளாக அந்த இடம் ஸ்டெஃபன் கரி, லெப்ரான் ஜேம்ஸ் ஆகிய இருவரை விட்டு விலகாமல் இருந்தது என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும்.

இவ்வளவு சட்டைகள் விற்றதால் லேக்கர்ஸ் அணி கொழுத்த இலாபம் கண்டிருக்கும், டல்லாஸ் அணி தலையில் கைவைத்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். கணக்கு அப்படி அமைந்திருக்கவில்லை. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. அணிகளின் பெயர், இலச்சினை, நிறம் ஆகியவற்றைப் பொருள்களில் அச்சிட்டு விற்கும் உரிமையை ஒவ்வோர் அணியும் தனித்தனியே விற்பதில்லை. சங்கத்தின் உரிமப் பிரிவு எல்லா அணிகளின் சார்பிலும் அதனை மொத்தமாக வழங்குகிறது. உரிமம் பெற்ற நிறுவனம் சட்டையைத் தைத்து, விற்பனைத் தொகையில் ஒரு விழுக்காட்டை உரிமத்தொகையாகச் செலுத்துகிறது. அத்தொகை ஒரு பொதுத் தொகுப்பில் சேர்ந்து 30 அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. விளக்கத்திற்காக, 77ஆம் எண் சட்டைகளின் விற்பனையால் 30 டாலர் உரிமத்தொகை திரண்டதாகக் கொள்வோம். லேக்கர்ஸுக்கு ஒரு டாலர்; டொன்சிச்சை இழந்த டல்லாஸுக்கும் ஒரு டாலர்; அவரை எதிர்த்து ஆடி ஆண்டுக்கு ஓரிரு முறை தோற்கக்கூடிய ஏதோவோர் அணிக்கும் அதே ஒரு டாலர். ஓர் அணி தன் சொந்த அரங்கக் கடையில் விற்பதன் சில்லறை இலாபம் மட்டுமே அந்த அணிக்குத் தனியாக நிற்கிறது.

தாராள வணிகத்தின் தாயகம் என்று நாம் கருதும் நாட்டில் இப்படியொரு சமபங்கு ஏற்பாடா என்று வியப்பு எழலாம். காரணம் எளிது. கூடைப்பந்து ஆட்டத்தைத் தனியோர் அணியால் உற்பத்தி செய்ய முடியாது. எதிரணி வேண்டும், அதுவும் ஈடுகொடுக்கும் எதிரணியாக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் போன்ற பெருநகர அணிகளே எல்லா வருவாயையும் வாரிக்கொண்டால், மெம்பிஸ், ஓக்லஹோமா சிட்டி போன்ற சிறிய சந்தைகளின் அணிகள் நலிந்து, ஆட்டமே சுவையற்றுப் போகும். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஒளிபரப்பு உரிமைத் தொகை அணிகளுக்குப் பகிரப்படுவதை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் தர்க்கம் புதிதாகத் தோன்றாது.

சட்டையில் பெயர் பொறிக்கப்பட்ட ஆட்டக்காரருக்கு என்ன கிடைக்கிறது? விற்கும் ஒவ்வொரு சட்டைக்கும் இவ்வளவு என்று அவர் கணக்கில் தனியே எதுவும் வரவு வைக்கப்படுவதில்லை. சங்கத்தின் கூடைப்பந்து சார்ந்த வருமானத்தில் ஏறத்தாழப் பாதி ஆட்டக்காரர்கள் அனைவருக்குமாகச் சேர வேண்டும் என்பது நிர்வாகத்துக்கும் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம். 2023ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் உரிமத்தொகை வருமானமும் அக்கணக்கினுள் கொண்டுவரப்பட்டது. ஆகவே டொன்சிச்சின் சட்டையை வாங்கும் ஒருவர், தாம் பெயர்கூட அறியாத நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் ஊதிய வரம்பை நூலிழை அளவு உயர்த்துகிறார். காலணியின் கதை வேறு. அங்கே ஆட்டக்காரர் தம் பெயரைத் தாமே பேரம் பேசி விற்கிறார். 1984இல் மைக்கேல் ஜோர்டன் நைக்கி நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் இதற்கு முன்னோடி. சட்டை ஊருக்கு, காலணி தனக்கு என்று சுருங்கச் சொல்லலாம்.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் நிறைவளிக்கிறதா என்றால், இல்லை. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. போட்டிகளில் இதன் கூர்முனை தெரிகிறது. 2024 ஏப்ரல் 15 அன்று கெய்ட்லின் கிளார்க் என்னும் இளம் வீராங்கனையை இந்தியானா ஃபீவர் அணி முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது. அன்றிரவே அவருடைய 22ஆம் எண் சட்டை பல அளவுகளில் விற்றுத் தீர்ந்தது. எந்த விளையாட்டிலும், தேர்வான இரவில் இந்த அளவுக்கு ஒருவரின் சட்டை விற்றதில்லை என்று விற்பனை நிறுவனமான ஃபனாட்டிக்ஸ் அறிவித்தது. அந்த ஆண்டு அவருக்கு அணி தந்த ஊதியம் 76,535 டாலர். ஆண்கள் பிரிவில் முதல் தேர்வாக வருபவர் முதல் ஆண்டிலேயே ஒரு கோடி டாலருக்கு மேல் பெறுகிறார். விளம்பர ஒப்பந்தங்களால் கிளார்க்குக்குக் குறையில்லை என்பது உண்மைதான். ஆனால் அவரைச் சுற்றி ஆடும் மற்றவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. 2025 ஜூலையில் இந்தியானாபொலிஸ் நகரில் நடந்த நட்சத்திர ஆட்டத்திற்கு முன்பு, எங்களுக்குத் தரவேண்டியதைத் தாருங்கள் என்னும் பொருள்பட அச்சிட்ட சட்டைகளை அணிந்து வீராங்கனைகள் களமிறங்கினர். கோரிக்கைக்கும் அவர்கள் சட்டையையே தேர்ந்தெடுத்தது நம் கவனத்தைக் கவர்கிறது.

உரிமம் வாங்கும் நிறுவனத்தின் பக்கத்தையும் பார்ப்போம். அடிடாஸ் வசமிருந்த என்.பி.ஏ. சீருடை உரிமை 2017-18 பருவத்திலிருந்து நைக்கியிடம் வந்தது. எட்டு ஆண்டுகளுக்குச் சுமார் 100 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் கூறின. 2024இல் இந்த உறவு 2037 வரை நீட்டிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொகையைத் திரும்ப எடுக்க வேண்டுமானால், ஒரே ரசிகர் ஒரே அணிக்குப் பல சட்டைகள் வாங்க வேண்டும். முன்பு சொந்த ஊரில் வெள்ளை, வெளியூரில் வண்ணம் என்ற வழக்கம் இருந்தது. நைக்கி வந்தபின் அது தளர்ந்து, அசோசியேஷன், ஐகான், ஸ்டேட்மென்ட், சிட்டி எனப் பல வகைகள் புகுந்தன. சிட்டி வகையில் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதிய வடிவம் வருகிறது. சில அழகானவை, சில, ஊரின் பெருமையைச் சொல்கிறோம் என்று புறப்பட்டு வழி தவறியவை. சென்ற ஆண்டின் சட்டை இந்த ஆண்டு பழையதாகிவிடுகிறது என்பதே வணிகத்திற்கு வேண்டியது. அதே 2017-18 பருவத்தில் மார்பில் இரண்டரை அங்குல அளவில் விளம்பரத் துண்டு ஒட்டவும் அணிகளுக்கு அனுமதி கிடைத்தது. பிலடெல்பியா அணி முதலில் அந்த இடத்தை ஆண்டுக்கு 50 இலட்சம் டாலருக்கு விற்றது.

ஆனால் பெயர் அச்சிட்ட சரக்கில் ஆபத்தும் உண்டு. வணிகவியலில் சரக்கிருப்பு என்றும் நற்பெயர் என்றும் தனித்தனியே படித்த இரண்டும் இங்கே ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. நற்பெயர் இடம் மாறினால், கிடங்கில் உள்ள துணி அன்றே விலை இழக்கிறது. டல்லாஸ் பெயரில் அடுக்கிவைத்திருந்த 77ஆம் எண் சட்டைகளின் கதி அதுதான். 1995 மார்ச்சில் ஓய்வை முறித்துத் திரும்பிய ஜோர்டன், தம் பழைய 23ஆம் எண்ணை அணி நிரந்தரமாக ஓய்வளித்துவிட்டதால் 45ஆம் எண்ணை அணிந்தார். ரசிகர்கள் ஆவலுடன் 45ஐ வாங்கினர். மே மாதம் ஆர்லாண்டோ அணிக்கு எதிரான தொடரின் நடுவில் அவர் திடீரென்று 23க்குத் திரும்பிவிட்டார்! இத்தகைய திடீர் மாற்றங்களைச் சங்கம் இப்போது எளிதில் அனுமதிப்பதில்லை. 2019இல் லேக்கர்ஸுக்கு வந்த ஆந்தனி டேவிஸுக்குத் தம் 23ஐ விட்டுக்கொடுக்க லெப்ரான் முன்வந்தும், அந்த எண்ணில் சட்டைகள் ஏற்கெனவே பெருமளவில் தயாராகிவிட்டதால் அது கைகூடவில்லை. டேவிஸ் 3ஆம் எண்ணை அணிந்தார். பின்னர் லெப்ரான் 6க்கு மாறி, மீண்டும் 23க்கு வந்தார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அலமாரியில் ஒரு சட்டை கூடியவர்கள் பலர்.

பழையதாகிவிட்ட சட்டை, போதிய காலம் கடந்தால் மீண்டும் விலை பெறுவதும் இத்தொழிலின் விந்தை. பிலடெல்பியாவில் 1904இல் தொடங்கிய மிட்செல் அண்டு நெஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம், 1980களில் பழைய பேஸ்பால் சட்டைகளை அச்சு அசலாகத் தைத்து விற்கத் தொடங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்-ஹாப் பாடகர்கள் பழைய கூடைப்பந்துச் சட்டைகளை மேடையேற்ற, ஆட்டமே பார்க்காதவர்களும் அவற்றை அணிந்தனர். 2022இல் ஃபனாட்டிக்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியது. களத்தில் ஆட்டக்காரரே அணிந்த சட்டைக்கோ விலை வானளவு. ஜோர்டன் 1998 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அணிந்தது, 2022 செப்டம்பரில் சதபீஸ் ஏலத்தில் 1 கோடி டாலருக்கு மேல் விலை போனது.

இந்த மோகம் நம் நாட்டையும் எட்டியிருக்கிறது. 2019 அக்டோபரில் சாக்ரமென்டோ, இந்தியானா அணிகள் மும்பையில் இரு ஆட்டங்கள் ஆடிச் சென்றன. வீட்டில் பதின்பருவப் பிள்ளை இருந்தால், வெளிநாட்டு இணையதளத்தில் ஜெர்சி வாங்கித் தரும்படி கேட்பது இன்று அரிதன்று. அப்பொழுது பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ரசிகர்கள் பெரும்பாலும் வாங்கும் ஸ்விங்மேன் வகை அமெரிக்காவில் 100 டாலருக்குச் சற்று மேல் விற்கிறது. களத்தில் அணிவதையே ஒத்த ஆதென்டிக் வகை 200 டாலரை ஒட்டி நிற்கிறது. உரிமத்தொகையும் உள்ளடங்கிய விலை இது என்பதால், இதில் கால் பங்கு விலைக்குப் புத்தம் புதிய அசல் சட்டை என்று ஒரு தளம் விளம்பரம் செய்தால், பெரும்பாலும் அது போலிச் சட்டையாக இருக்கும், அல்லது சட்டையே வராது.

இரண்டாவது வகையில் இழப்பு சட்டை விலையோடு நிற்பதில்லை. அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் சி.வி.வி. எண்ணும் அந்நியர் கைக்குப் போய்விடுகின்றன. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. கேளாமலேயே பணம் கழிக்க இயலும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி, அட்டையில் பன்னாட்டுப் பரிவர்த்தனையைத் திறக்கவும் மூடவும் உச்சவரம்பு வைக்கவும் வாடிக்கையாளருக்கே வசதி தரப்பட்டுள்ளது. சட்டையின் விலைக்குச் சற்று மேலாக வரம்பு வைத்துத் திறந்து, வாங்கிய கையோடு மூடிவிடுவது நலம். பணம் செலுத்தும் பக்கத்தில் டாலரா ரூபாயா என்று கேட்டால் டாலரைத் தேர்க. ரூபாய் என்றால், மாற்று விகிதத்தை விற்பவர் தரப்பே வகுக்கிறது. அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. டாலரில் செலுத்தினாலும் அட்டை வழங்கிய வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும், பொட்டலம் வந்து சேரும்போது சுங்க வரியும் உண்டு என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்க.

பொருள் வராவிட்டாலோ, போலியென்று தெரிந்தாலோ, விற்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கும் நாள்களுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். அட்டைப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடுவதற்குக் காலவரம்பு உண்டு. அது கடந்தபின் வங்கியால் செய்யக்கூடியது குறைவு. ஆணைப் படிவம், பணம் செலுத்திய சான்று, தளத்தில் காட்டப்பட்ட பொருளின் படம், விற்பவருடன் நடந்த மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்துக் கிளையிலோ வாடிக்கையாளர் சேவை மையத்திலோ முறையிடலாம். தாம் செய்யாத பரிவர்த்தனை ஒன்று கணக்கில் தெரிந்தால், முதலில் அட்டையை முடக்கி வங்கிக்குத் தெரிவித்துவிட்டு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கவும்.