தாய்க்குத் தெரியும் முன்பே உருவாகும் மூளை



சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தாய்மாரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கர்ப்பிணிகளின் கிளினிக் பற்றிப் பேச்சு வந்தது. கைப்பிள்ளையோடு இருந்த ஒரு தங்கச்சி கேட்டார்: "ஏங்க, வயித்துப் பிள்ளைக்கு மூளை ஏழாம் மாசத்துல தானே வருது? அப்ப அஞ்சாம் மாசம் கிளினிக் போனாப் போதும் தானுங்களே?"

மூலையில் இருந்த ஒரு வயதான அம்மா மெதுவாகச் சொன்னார்: "என் மகளுக்கு மொதப் பிள்ளை தலை மூடாமப் பொறந்து செத்துப் போச்சுங்க. கிரகணத்துல வெளிய போனதாலயாம். மாமியார் வீட்டுல இன்னும் அவளத்தான் குத்தம் சொல்றாங்க."

இந்த இரண்டு பேச்சுக்கும் அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னோம். இன்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

மூளை எப்படி இருக்கும்?

வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் நிறை இருக்கும். கொழுந்துத் தராசில் போட்டால் ஒன்றரைக் கிலோ கூடத் தேறாது. தொட்டால் கட்டித் தயிர் போல மெதுமெதுப்பானது. அதனால்தான் மண்டையோடு என்ற கெட்டியான பெட்டிக்குள், மூன்று சவ்வுகளால் சுற்றி, நடுவில் ஒரு தெளிந்த நீரும் நிரப்பிப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது.

உடம்பின் நிறையில் மூளை நூறில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சில நிமிடங்கள் இரத்தம் போகாவிட்டாலும் மூளைக்குப் பெரிய சேதம் வந்துவிடும்.

மூளையை மூன்று பெரும் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது பெருமூளை. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் மூளையம் என்று இருக்கும். யோசிப்பது, பேசுவது, ஞாபகம் வைப்பது எல்லாம் இதன் வேலை. ஒரு பெரிய படங்கைச் சின்னக் கூடைக்குள் திணித்தால் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் அல்லவா? பெருமூளையின் மேற்புறமும் அப்படித்தான் மடிந்து கிடக்கிறது. இது வலது, இடது என இரண்டு பாதியாக உள்ளது. இடது பாதி உடம்பின் வலப் பக்கத்தையும், வலது பாதி இடப் பக்கத்தையும் இயக்குகிறது. பாரிசவாதம் வந்து வலது கை கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் குழறுவது ஏன் தெரியுமா? பெரும்பாலானோருக்குப் பேச்சை நடத்தும் இடமும் இடது பாதியிலேயே இருக்கிறது.

இரண்டாவது சிறுமூளை. பின்தலையில், பெருமூளைக்குக் கீழே இருக்கிறது. முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு வழுக்கும் மலையில் விழாமல் இறங்கி வருகிறீர்களே, அந்தச் சமநிலையைப் பார்த்துக்கொள்வது இதுதான்.

மூன்றாவது மூளைத்தண்டு. நாம் நினைக்காமலே நடக்கும் மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல் ஆகியவற்றை இது கவனிக்கிறது. நாம் அயர்ந்து தூங்கும்போதும் இது தூங்குவதில்லை. இதன் தொடர்ச்சியாகத்தான் முண்ணாண் என்னும் நரம்புக் கயிறு முதுகெலும்புக்குள்ளே இடுப்பு வரை இறங்குகிறது.

வெற்றிலை மடிப்பது போல

இவ்வளவு பெரிய வேலைக்காரன் எப்படி உருவாகிறான்?

கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அது ஒரு தட்டையான, மிகச் சிறிய தகடு போல இருக்கும். அதன் மேற்புறத்தில், நடுப்பகுதி தடித்து ஒரு பட்டை போல ஆகிறது. சுமார் 18ஆம் நாளில் அந்தப் பட்டையின் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. இரு ஓரங்களும் மேலே எழும்புகின்றன. வெற்றிலையின் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவில் சேர்ப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒட்டியதும் பட்டை ஒரு குழாயாகி விடுகிறது. இதை நரம்புக் குழாய் என்பார்கள்.

இந்த ஒட்டுதல் சுமார் 22ஆம் நாளில் கழுத்துப் பக்கத்தில் தொடங்கி, ஒரு பக்கம் தலையை நோக்கியும் மறுபக்கம் இடுப்பை நோக்கியும் போகிறது. தலைப் பக்கத்து வாய் 25ஆம் நாள் அளவில் மூடுகிறது. இடுப்புப் பக்கத்து வாய் 28ஆம் நாள் அளவில் மூடுகிறது. அதே நேரத்தில் தலைப் பக்கத்துக் குழாய் மூன்று இடத்தில் உப்புகிறது. முன் உப்பலிலிருந்து பெருமூளையும், பின் உப்பலிலிருந்து சிறுமூளையும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியும் வருகின்றன. நடு உப்பல் மூளைத்தண்டின் மேற்பகுதி ஆகிறது. மீதிக் குழாய் முண்ணாண் ஆகிறது.

தலைப் பக்கம் மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் வளராது. அந்தப் பிள்ளை பிழைப்பதில்லை. இடுப்புப் பக்கம் மூடாமல் போனால் முதுகில் ஒரு திறப்போடு பிள்ளை பிறக்கும். சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனாலும் பலருக்குக் கால் பலவீனமும் சிறுநீர் அடக்க முடியாமையும் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள்

கரு உண்டாவது மாதவிடாய்க்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரத்தில். அதிலிருந்து 28 நாள் என்றால், மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்! "மழையில நனைஞ்சேன், அதான் பிந்துது" என்று நினைத்துக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நாட்கள் அவை. முழுகாமல் இருப்பது வீட்டில் தெரிவதற்குள் நரம்புக் குழாய் மூடி முடிந்துவிடுகிறது. ஏழாம் மாதமும் இல்லை, ஐந்தாம் மாதமும் இல்லை. முதல் மாதத்திலேயே மூளைக்கு அத்திவாரம் போட்டாகிவிட்டது.

இந்தக் குழாய் சரியாக மூடுவதற்குப் போலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்து உதவுகிறது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 7 நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1991இல் வெளிவந்தது. ஏற்கெனவே இப்படிக் குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே போலிக் அமிலம் எடுத்தபோது, அந்தக் குறை மறுபடி வருவது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் குறைந்தது.

ஆகவே மாத்திரையைப் பிள்ளை உண்டாகும் முன்பே தொடங்க வேண்டும். தினமும் 0.4 மில்லிகிராம் போலிக் அமிலத்தை, பிள்ளைக்கு முயற்சிக்கும் காலத்திலிருந்து 12ஆம் வாரம் வரை எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்பு குறையுள்ள பிள்ளை பிறந்திருந்தால் இதைவிடக் கூடுதல் அளவு தேவை. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

• கலியாணம் முடிந்ததுமே, அல்லது அடுத்த பிள்ளை வேண்டும் என்று நினைத்ததுமே, கணவனும் மனைவியுமாக மருத்துவமாதுவிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

• வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் முன்கூட்டியே டாக்டரைக் காண வேண்டும். சில வலிப்பு மருந்துகள் நரம்புக் குழாயைப் பாதிக்கும். ஆனால் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்; அது இன்னும் ஆபத்து.

• ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நோய் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். ஊசியைக் கர்ப்பத்துக்கு முன்பே போட வேண்டும். கர்ப்பமானபின் போட மாட்டார்கள்.

• லயத்துத் தோட்டத்தில் வளரும் கீரை, போஞ்சியோடு பருப்பு, பயறு, கவ்பி, கடலை ஆகியவற்றிலும் போலிக் அமிலம் உண்டு. கீரையை அதிக நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் அதோடு போய்விடும். நல்ல சாப்பாட்டோடு மாத்திரையும் வேண்டும்.

• 1995இல் வந்த சட்டப்படி நம் நாட்டில் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. பிள்ளையின் மூளை வளர அயடீன் மிக அவசியம். உப்பை அடுப்பங்கரைச் சூட்டில் திறந்து வைக்காதீர்கள். மூடி வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

• இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். நாம் பறிக்கும் கொழுந்தின் சாயமே இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணி நல்லது.

• சாராயம், கசிப்பு, சுருட்டு, புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் வேண்டாம். கர்ப்பமான பெண்ணை மருந்து தெளிக்கும் மலைக்கு அனுப்ப வேண்டாம்.

பிறந்த பிறகும் வேலை முடியவில்லை

ஐந்தாம் மாதம் வரை வழுவழுப்பாக இருக்கும் பெருமூளையில், அதன்பின்தான் மடிப்புகள் விழுகின்றன. பிறக்கும்போது மூளை சுமார் 350 முதல் 400 கிராம் இருக்கும். இரண்டு வயதுக்குள் பெரியவர் மூளையில் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. பெருமூளையின் நரம்புக் கலங்களில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே உருவாகிவிட்டாலும், அவற்றுக்கிடையே தொடர்புகள் பிறந்த பிறகுதான் வேகமாகப் பின்னப்படுகின்றன. தாய்ப்பால், பேச்சு, தாலாட்டு, விளையாட்டு எல்லாம் அந்தப் பின்னலுக்கு நூல். மலையிலிருந்து களைத்து வந்தாலும், பிள்ளையைத் தூக்கும்போது நாலு வார்த்தை பேசுங்கள். அப்பாமாரும் பேசுங்கள்.

கடைசியாக, அந்த வயதான அம்மாவுக்கு: உங்கள் மகள் ஒரு பாவமும் செய்யவில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரை எடுத்தவர்களுக்கும் சில வேளை இப்படி நேரலாம்; அதுவும் தாயின் குற்றமல்ல. அடுத்த பிள்ளைக்கு ஆசைப்பட்டால், முழுகாமல் ஆகும் முன்பே மகளையும் மருமகனையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மாமியார் வீட்டாருக்கும் இந்தப் பக்கத்தை யாராவது வாசித்துக் காட்டட்டும்.