சத்திரசிகிச்சைக்குப் பின்னரான துயிலும் மின் தூண்டலும்

சத்திரசிகிச்சை வெற்றியாக நிறைவேறியது என வைத்தியர் கூறியதும் உறவினர் ஆறுதலடைகின்றனர். நோயாளருக்கோ அன்றிரவே இன்னொரு துன்பம் தொடங்குகின்றது. துயில் வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. இதனை மனப்பதற்றத்தின் விளைவென்று மட்டும் கொள்வது பொருந்தாது. பெரிய சத்திரசிகிச்சையை அடுத்த முதலிரவுகளில் ஆழ்துயிலும், கனவு மிகுந்த விரைவு விழியசைவுத் துயிலும் பெரிதும் குன்றுகின்றன. காயத்தின் நோவு, உடலின் அழற்சி எதிர்வினை, நோவகற்றும் அபின்சார் மருந்துகள், விடுதியின் ஒளியும் ஓசையும் ஆகியன இதற்குக் காரணங்களாம். துயிலின்மை நோவுணர்வை மிகுவிக்கின்றது. மிகுந்த நோவு துயிலை மேலும் கெடுக்கின்றது.

துயில்மருந்து கொடுத்தால் என்ன என்ற வினா எழலாம். அத்தகைய மருந்துகள் பல, அபின்சார் மருந்துகளோடு சேரும்போது சுவாசத்தை ஆபத்தான அளவுக்குத் தளர்த்தக்கூடியன. ஆகவே மருந்தல்லாத வழிகள்பால் ஆய்வாளர் கவனம் சென்றுள்ளது. அக்குபங்சர் புள்ளிகளைத் தோலின் மேலாக மின்னால் தூண்டுதல் அவற்றுள் ஒன்று.

இம்முறையில் ஊசி ஏற்றப்படுவதில்லை. தோலில் ஒட்டப்பெறும் மின்வாய்களின் வழியே மெல்லிய மின்துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. அடிக்கடி தெரிவுசெய்யப்படும் புள்ளி 'நெய்குவான்' ஆகும். மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரலளவு மேலே, முன்கையின் உட்புறத்தில், இரு தசைநாண்களுக்கிடையே அது அமைந்துள்ளது.

1971 இல் பீஜிங்கில் குடல்வால் அகற்றப்பெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன், பின்னர் தமக்கேற்பட்ட வயிற்று உபாதை ஊசிச் சிகிச்சையால் தணிந்ததென எழுதியமை மேலைநாடுகளிற் பேரார்வத்தைத் தூண்டிற்று. எனினும் ஒருவரது அனுபவம் விளக்கமாகாது. 1965 இல் பீஜிங்கில் இத்துறையில் ஆய்வு தொடங்கிய ஹான் ஜிஷெங்கும் அவர்தம் குழுவினரும் மீடிறனின் பங்கினை ஆராய்ந்தனர். செக்கனுக்கு 2 துடிப்புகள் என்கெபலினையும், 100 துடிப்புகள் டைனோர்பினையும் நரம்புத் தொகுதியில் வெளிப்படச் செய்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. இவை உடல் தானே ஆக்கும் நோவுதணிப்பிகள். நோவும் அபின்சார் மருந்தின் தேவையும் குறையுமாயின் துயில் சீர்ப்படும் என எதிர்பார்ப்பது நியாயமே.

எதிர்பார்ப்பு வேறு, நிறுவல் வேறு. இத்துறைச் சோதனைகளிற் பெரும்பாலானவை சீனாவில் நிகழ்ந்தவை. துயில் மேம்பட்டதாகப் பல கூறுகின்றன. ஆயினும் ஒப்பீட்டுக் குழுவினருக்கு மின்னோட்டமின்றி மின்வாய்கள் மட்டும் ஒட்டப்படும்போது, கூச்சவுணர்வு இல்லாமையால் அவர்கள் உண்மையை ஊகித்துவிடக்கூடும். நம்பிக்கையின் விளைவையும் மின்னின் விளைவையும் பிரித்தறிதல் அப்போது அரிதாகின்றது. புள்ளியல்லாத இடத்தில் அதே மின்னோட்டம் செலுத்தப்பட்டால் அதே பயன் கிட்டுமா என்பதும் சோதிக்கப்படவேண்டும்.

தொன்மையானது என்பதற்காக ஒரு முறையை நாம் ஏற்கவேண்டியதில்லை; கீழைத்தேயத்தது என்பதற்காகத் தள்ளவும் வேண்டியதில்லை. இதயமுடுக்கி பொருத்தியோருக்கு இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. ஏனையோருக்கு ஆபத்துக் குறைந்ததாயினும், நோவுக்கு உரிய மருந்தையும் அமைதியான விடுதியையும் வழங்கும் கடமையினின்று மருத்துவமனையை அது விடுவிப்பதன்று. அவற்றோடு சேர்ந்த துணையாகவே இதனை நாம் மதிப்பிடுதல் தகும்.